கோளாறு லைனில் இல்லை

எங்கே போனாலும் இப்போது ஒரே பதில்தான். கட்டிய பணம் இரண்டு தடவை பிடிபட்டுவிட்டதா? "நெட்வொர்க் ப்ராப்ளம் சார்." ரசீதில் நம் பெயருக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக அச்சாகியிருக்கிறதா? "நெட்வொர்க் ப்ராப்ளம் சார்." ஆஸ்பத்திரியில் ஒரே டோக்கன் நம்பரை மைக்கில் இரண்டு தடவை கூப்பிடுகிறதா? அதற்கும் அதுதான். கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கோபித்துப் பயனில்லை. அதற்கு மேலே இருப்பவர் அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அவருக்கும் மேலே இருப்பவர் அதை நம்பிக்கொண்டிருக்கிறார்.

1974-இல் தந்தி ஆபீசில் சேர்ந்து, டெலிபிரிண்டர், டேட்டா சர்க்யூட் என்று முப்பத்தேழு வருடம் லைனோடேயே குடித்தனம் நடத்தியவன் நான். அந்த உரிமையில் லைனுக்காகக் கொஞ்சம் வக்காலத்து வாங்குகிறேன். எழுத்து குழம்பி வந்தாலும் சரி, ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் சரி, இன்றைய தேதியில் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய ஆள் லைன். முதலில் பிடித்து விசாரிக்க வேண்டியது, லைனின் முனையில் உட்கார்ந்திருக்கும் புரோகிராமை.

எங்கள் காலத்தில் லைனைத் திட்டினால் அதில் நியாயம் இருந்தது. டெலிபிரிண்டரில் ஓர் எழுத்துக்கு ஐந்து துடிப்பு. ஐந்து துடிப்பை வைத்து 32 விதம்தான் காட்ட முடியும். அதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் நிறுத்தக்குறியும் அடங்காது. அதனால் 'இனி வருவது எழுத்து', 'இனி வருவது எண்' என்று சொல்ல இரண்டு தனிக் குறிகள். மழைக்காலத்தில் லைன் ஒரு தடவை இருமினால் போதும், அந்தக் குறி காணாமல் போகும். அப்புறம் வருவதெல்லாம் எண்ணாகவே விழும். 'டாப்' என்ற ஆங்கிலச் சொல் 590 என்று அச்சாகும், 'வயர்' என்பது 2843 ஆகும். பழகிய ஆபரேட்டர் அதைப் பார்த்தவுடனே தலைகீழாகப் படித்துவிடுவார். நானே அப்படி எத்தனையோ தந்தியைப் பிழைக்க வைத்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1974-இல்தான் அமெரிக்காவில் வின்ட் செர்ஃப், பாப் கான் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இன்றைய இன்டர்நெட்டின் அஸ்திவாரமான டி.சி.பி. என்ற ஒழுங்குமுறை அதிலிருந்து பிறந்தது. 1981-இல் அதன் விதிகள் முறையாக எழுதப்பட்டன. அதில் இருக்கும் முக்கியமான ஏற்பாடு என்னவென்றால், அனுப்பும் ஒவ்வொரு பைட்டுக்கும் வரிசை எண் உண்டு. வழியில் ஒன்று தொலைந்தால் திரும்ப அனுப்பப்படும். ஒன்றே இரண்டு தடவை வந்தால் வரிசை எண்ணைப் பார்த்து இரண்டாவது குப்பைக்குப் போகும். முன்பின்னாக வந்தால் அடுக்கி வைத்த பிறகுதான் புரோகிராமிடம் கொடுக்கப்படும். சிதைந்து வந்ததா என்று பார்க்கக் கூட்டுத்தொகைச் சோதனையும் உண்டு. அந்தச் சோதனை நூற்றுக்கு நூறு என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் தினமும் காலை பத்து மணிக்கு ஏமாறுகிற அளவுக்கு அது சோடை இல்லை. ஆக, ஒரே இணைப்புக்குள் ஒரு செய்தி இரண்டாகத் தெரிகிறது, குழம்பித் தெரிகிறது என்றால் அந்தக் காரியம் டி.சி.பி.யின் கைக்கு வருவதற்கு முன்போ, அது பத்திரமாகக் கொண்டுவந்து ஒப்படைத்த பிறகோ நடந்தது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில மாதங்களுக்கு முன் என் எதிர் வீட்டு நண்பருக்கு நடந்த ஒரு விஷயம். ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், எழுபத்திரண்டு வயது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். மாலையில் ரிப்போர்ட் வந்தது: சர்க்கரை 982. வீட்டு மாமி அழ ஆரம்பித்துவிட்டார். பிள்ளை பெங்களூரிலிருந்து உடனே கிளம்புகிறேன் என்கிறான். நல்லவேளை, டாக்டர் அனுபவசாலி. ரிப்போர்ட்டைப் பார்த்தார், எதிரே சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தார். "இது நிஜமா இருந்தா நீங்க நடந்து வந்திருக்க மாட்டீங்க சார். திரும்ப எடுங்க" என்றார். திரும்ப எடுத்ததில் 98. லேபில் கேட்டதற்கு வழக்கமான பதில்தான். அந்த வார்த்தையை நான் மறுபடி எழுத வேண்டாம்.

டாக்டர் அன்று ஊரில் இல்லாமல், வேறு யாராவது ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து இன்சுலின் போட்டிருந்தால் என்னாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 98 இருக்கும் உடம்பில் 982-க்கான மருந்து.

அந்த லேபுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த பையன் என் பழைய சகா ஒருவரின் பேரன். கெட்டிக்காரன், அடக்கமானவனும் கூட. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தான். "லைன்ல ஏதோ நாய்ஸ் தாத்தா, கேபிளை மாத்தச் சொல்லியிருக்கேன்" என்றான். நாய்ஸ் வந்தால் 98 என்பது 9 கேள்விக்குறி என்றோ வேறு கண்றாவியாகவோ ஆகும்டா, மிகச் சரியாக ஒரு 2 வந்து வாலில் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டேன். எனக்கு முன்னால் ரத்தம் கொடுத்தவரின் சர்க்கரை என்ன என்று பார்க்கச் சொன்னேன். (எனக்கு என்றால் என் நண்பருக்கு. இந்த விஷயத்தில் எனக்கு அவ்வளவு ஈடுபாடு.) பார்த்தான். 112.

அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது. மெஷின் அனுப்புவது வெறும் சாம்பிள் நம்பர், ஒரு காற்புள்ளி, அளவு. முந்தையவருக்கு 0417,112 என்று எட்டு எழுத்து. என் நண்பருக்கு 0418,98 என்று ஏழு எழுத்து. புரோகிராம் வருவதை வாங்கி வைக்கும் இடத்துக்குப் பஃபர் என்று பெயர். ஒரு பலகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையதை அழிக்காமல் அதன் மேலேயே புதியதை எழுதினால், எட்டு எழுத்தில் முதல் ஏழு மாறும், கடைசி 2 அப்படியே நிற்கும். 0418,982. சிஸ்டம் ஒவ்வொரு முறையும் 'இந்தத் தடவை 7 பைட் வந்தது' என்று எண்ணைச் சொல்லித்தான் கொடுக்கிறது. பையனின் புரோகிராம் அந்த எண்ணைக் கண்டுகொள்ளாமல் பலகையில் இருந்த அத்தனையையும் படித்தது. ஆக, பக்கத்து நாற்காலிக்காரரின் சர்க்கரையில் ஓர் இலக்கத்தை என் நண்பர் சுமந்தார்.

இந்தத் தவறு அந்தப் பையனுக்கு மட்டும் சொந்தமானது என்று நினைக்காதீர்கள். சாக்கெட் புரோகிராம் எழுதுகிற எல்லா மொழிகளிலும், எல்லா ஊர்களிலும், புதிதாக வருகிறவர்கள் விழுகிற குழி இது. சாக்கெட் என்கிற ஏற்பாடு 1983-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்து யூனிக்ஸில் வந்தது. அன்றிலிருந்து அந்தக் குழியும் இருக்கிறது.

இன்னொன்று, ஒத்திசைவில்லாமல் வேலை செய்யும் சர்வர், 'அசிங்க்ரனஸ்' என்கிறார்களே, அது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். நம்மூர் ஓட்டல் சர்வரைத் தெரியுமல்லவா, அவரேதான். ஒரு மேஜைக்கு ஒரு சர்வர் என்று வைத்தால் முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரே ஆள் இருபது மேஜையைப் பார்க்கிறார். ஐந்தாம் நம்பரில் ரவா தோசை கேட்டார்கள் என்றால் அது வேகும்வரை அடுப்படியில் நிற்க மாட்டார். 'ஒரு ரவா' என்று குரல் கொடுத்துவிட்டு எட்டாம் நம்பருக்குப் போய்விடுவார். தோசை ஆனதும் மாஸ்டர் கூப்பிடுவார், வந்து எடுத்துப் போவார். இவ்வளவுதான் சங்கதி. இப்போது அந்த சர்வர் கையில் ஒரே ஒரு துண்டுச் சீட்டு, எல்லா மேஜைக்கும் அதிலேயே எழுதுகிறார் என்று கற்பனை செய்யுங்கள். ஐந்தாம் நம்பர்காரர் "ஒரு ரவா, அப்புறம்..." என்று யோசிக்கும்போது எட்டாம் நம்பர்காரர் "காபி" என்கிறார். கடைசியில் ஐந்தாம் நம்பருக்குத் தோசையும் காபியும் போகும். எல்லா இணைப்புக்கும் ஒரே பஃபரைக் கொடுத்த புரோகிராம் இந்த சர்வர்தான். கூட்டம் இல்லாத நேரத்தில் ஒரு பிசகும் வராது. காலை எட்டு மணிக்கு எல்லாம் கலக்கும். 'சில சமயம் மட்டும்தான் சார் வருது' என்கிறார்களே, அந்தச் சில சமயத்தின் ரகசியம் பெரும்பாலும் கூட்டம்.

அனுப்புவதிலும் இதே கதை உண்டு. ஒரே இணைப்பில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் எழுதினால், முதலாமவரின் பாதி, இரண்டாமவரின் பாதி என்று பின்னிக்கொள்ளும். ஒரு இணைப்புக்கு ஒரு வரிசை, வரிசையில் நின்று ஒருவர் முடித்த பின் அடுத்தவர் என்று வைத்தால் தீர்ந்தது. ரேஷன் கடையில் நாம் கற்றுக்கொண்ட பாடம்தான்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. டி.சி.பி. என்பது ஏதோ தபால் மாதிரி, நான் இரண்டு கவர் போட்டால் அங்கே இரண்டு கவர் போய்ச் சேரும் என்று நினைக்கிறார்கள். அது தபால் இல்லை, தண்ணீர்க் குழாய். இந்த முனையில் இரண்டு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் அந்த முனையில் தண்ணீர் வரும். ஒரு சொட்டு குறையாது, கூடாது. ஆனால் எது முதல் சொம்பு, எது இரண்டாவது சொம்பு என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே வாளியில் இரண்டு சொம்பும் விழலாம். முதல் சொம்பே மூன்று தம்ளராகவும் வரலாம். சின்னச் சின்னச் செய்திகளை ஒன்றாகச் சேர்த்து அனுப்ப 1984-இல் ஜான் நேகிள் என்பவர் ஒரு வழி சொன்னார். ஃபோர்டு கம்பெனியின் விண்வெளிப் பிரிவில் இருந்தவர். அதுவும் சேர்ந்து வேலை செய்கிறது. நம் பையனுக்கு முன்பே இந்தத் தொல்லை வந்திருக்கிறது. 0417,1120418,98 என்று இரண்டு பேர் ஒட்டி வந்து, எதுவும் புரியாமல் புரோகிராம் நின்றுபோயிருக்கிறது. அதற்கு அவன் செய்த வைத்தியம், மெஷின் செட்டிங்கில் ஒவ்வொரு முடிவுக்கும் நடுவே அரை நொடி இடைவெளி.

இந்த இடைவெளி வைத்தியத்தைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கோபம். கணினி உலகத்தில் இதற்கு 'ஸ்லீப்' என்று அழகான பெயர். தூக்கம்! குழாயில் இரண்டாவது சொம்பைக் கொஞ்சம் பொறுத்து ஊற்றினால் தனித்தனியாக விழும் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் விழும். அதுதான் ஆபத்தே. நூறு நாள் சரியாக நடந்து நூற்றோராம் நாள், அந்தப் பக்கம் சர்வருக்கு வேலை கூடி வாளியை எடுக்க ஒரு நொடி தாமதமானால், மறுபடி ஒட்டும். அதற்குள் எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார். நேகிளின் வழியை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். அதை நிறுத்தினால் வேகம் வேண்டுமானால் மாறும், குழாய் தபாலாகிவிடாது. காய்ச்சல் குறையவில்லை என்று தெர்மாமீட்டரை மாற்றுகிற வேலை இது.

சரியான வைத்தியம் எங்கள் தந்தி ஆபீசில் இருந்தது. உங்களில் பலருக்குத் தந்தி என்றால் சைக்கிள் மணியும் வயிற்றைக் கலக்கும் பயமும்தான் ஞாபகம் வரும். 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். தந்தியின் தலையிலேயே மொத்தம் இத்தனை சொல் என்று ஓர் எண் போகும். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்குவதற்கு மட்டும் அந்த எண் பயன்படவில்லை. வாங்குகிறவர் சொற்களை எண்ணிப் பார்ப்பார். தலையில் 14, வந்தது 13 என்றால் தந்தி வெளியே போகாது. அந்தப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் கேட்போம். எண்கள் இருந்தால் கடைசியில் ஒரு தடவை திருப்பி அடித்துச் சரிபார்ப்பதும் உண்டு. செய்தியின் நீளத்தைச் செய்தியோடேயே அனுப்பு, அவ்வளவு வரும்வரை காத்திரு, அதற்கு மேல் வந்தால் அது அடுத்த செய்தி. இதுதான் முழு மருந்தும். இல்லையென்றால் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு முடிவுக்குறி வை. பெரிய ஆஸ்பத்திரிகளில் மெஷின்கள் பேசிக்கொள்ளும் எச்.எல்.7 முறையில், செய்தியின் ஆரம்பத்தில் 11 என்ற எண்ணுள்ள பைட்டும் முடிவில் 28, 13 என்று இரண்டு பைட்டும் வைத்து வேலி போடுகிறார்கள். நீங்கள் தினமும் திறக்கிற வலைப்பக்கங்களும் 'மொத்தம் இத்தனை பைட்' என்று முதலிலேயே சொல்லியோ, துண்டு துண்டாக ஒவ்வொரு துண்டுக்கும் நீளம் சொல்லியோதான் பெரும்பாலும் வந்து சேர்கின்றன. நம் லேபு மெஷினிலும் முடிவுக்குறி சேர்க்கிற வசதி மெனுவிலேயே இருந்தது. யாரும் திறந்து பார்க்கவில்லை.

இனி தமிழ். இதில்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். ரசீதில், மெசேஜில், நம் பெயர் நடுவில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வருமே, பார்த்திருப்பீர்கள். 'தமிழ்னாலே இப்படித்தான் சார், இங்கிலீஷ்லயே வச்சுக்கலாம்' என்று ஒரு சமாதானம். தமிழ் என்ன பாவம் செய்தது? இப்போது எங்கும் புழங்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். உயிர்மெய்யில் மெய்க்குத் தனியாக மூன்று, கொம்புக்கோ சுழிக்கோ தனியாக மூன்று. நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'திருச்சிராப்பள்ளி' நம் கணக்கில் ஒன்பது எழுத்து. கணினியின் கணக்கில் 17 குறி. பைட்டில் 51. ஆங்கிலத்தில் அதே ஊரை எழுதினால் 15 எழுத்து, 15 பைட், வம்பே இல்லை.

குழாயிலிருந்து தண்ணீர் எந்த இடத்தில் வேண்டுமானாலும் துண்டுபடும் என்றேன் அல்லவா? சாதாரண ஈதர்நெட் லைனில் ஒரு கட்டில் அதிகபட்சம் 1460 பைட் செய்தி போகும். 1460-ஐ மூன்றால் வகுத்துப் பாருங்கள், மீதி 2 நிற்கும். தமிழ் மட்டுமே உள்ள செய்தியாக இருந்தால் 486 குறி முழுதாகப் போய், 487-ஆவது குறியின் மூன்றில் இரண்டு பைட் இந்தக் கட்டிலும் ஒரு பைட் அடுத்த கட்டிலும் போகும். முதல் துண்டு வந்தவுடனே அவசரப்பட்டு எழுத்தாக மாற்றுகிற புரோகிராம், அரைகுறை எழுத்தைப் பார்த்து முழித்து, கேள்விக்குறி போடும். அடுத்த துண்டின் முதல் பைட்டுக்கும் ஒரு கேள்விக்குறி. மீதி இரண்டு பைட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த துண்டு வந்ததும் சேர்த்துப் படித்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது.

இதைவிட மோசம் நீளத்தைத் தப்பாகச் சொல்வது. செய்தி 'திருச்சிராப்பள்ளி' என்று இருக்க, புரோகிராம் குறிகளை எண்ணி 17 என்று தலையில் எழுதி அனுப்புகிறது. அந்தப் பக்கம் 17 பைட்டை எடுத்துக்கொண்டு, மீதி 34 பைட்டை அடுத்த செய்தி என்று நினைத்துப் படிக்கத் தொடங்கும். அதிலிருந்து அந்த இணைப்பு முடியும்வரை எல்லாமே தடம் புரண்ட ரயில். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவருக்கு இது ஆயுளுக்கும் தெரியாது, ஏனென்றால் அங்கே எழுத்தும் பைட்டும் ஒன்று. ஆக, தமிழில் கோளாறு வருகிறது என்றால் தமிழ் அந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்கிறது என்றுதான் அர்த்தம். கூட்டம் கூடினால் ஆங்கிலத்திலும் வேறு உருவில் வரத்தான் போகிறது.

நம் கல்லூரிகளில் என்ன சோதிக்கிறார்கள் என்று அந்தப் பையனைக் கேட்டேன். அனுப்புகிற புரோகிராமும் வாங்குகிற புரோகிராமும் ஒரே கம்ப்யூட்டரில். செய்தி, 'ஹலோ'. ஐந்து பைட். ஒரே கம்ப்யூட்டருக்குள் ஐந்து பைட் எங்கே உடையப் போகிறது? சரியாக வரும், மார்க் போடுவார்கள். ஆற்றில் முழங்கால் தண்ணீரில் நிற்க வைத்து நீச்சல் சர்டிபிகேட் கொடுப்பது போல. நான் அவனுக்குச் சொன்னது இரண்டே சோதனை. ஒன்று, ஒவ்வொரு பைட்டாக, நடுவில் இடைவெளி விட்டு அனுப்பு. இரண்டாவது, பத்துச் செய்தியை ஒட்டி ஒரே மூச்சில் அனுப்பு. செய்தி எல்லாம் தமிழ்ப் பெயர்களாக இருக்கட்டும், அதிலும் சிறிதும் பெரிதுமாக மாறி மாறி. இரண்டிலும் சரியாக வந்தால் அந்த சர்வரை நம்பலாம். எழுதுவதற்கு ஒரு மாலைப்பொழுது கூட ஆகாது.

கோளாறு வந்த பிறகு பார்ப்பதென்றால், அதற்கும் வழி பழையதுதான்: எழுத்தாக மாற்றுவதற்கு முன்னாலேயே, வந்த பைட்டுகளை எண்களாக, எந்த இணைப்பு, எத்தனை பைட் என்ற விவரத்தோடு ஒரு கோப்பில் எழுதி வை. லைனில் போவதை அப்படியே படம் பிடிக்க வயர்ஷார்க் என்று இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். லைனில் ஒரு தடவை போனது புரோகிராமில் இரண்டாகத் தெரிந்தால், லைனை விட்டுவிடலாம். இணைப்பு அறுந்து மறுபடி சேரும் ஒவ்வொரு முறையும் 'செய்தி வந்தால் என்னைக் கூப்பிடு' என்று புதிதாகப் பதிவு செய்துகொண்டு, பழைய பதிவை நீக்காமல் விடுகிற புரோகிராம்கள் ஏராளம். முதல் தடவை அறுந்தபின் எல்லாம் இரண்டாக வரும், அடுத்த தடவைக்குப் பின் மூன்றாக வரும். சாயங்காலம் எல்லாவற்றையும் நிறுத்திப் போட்டால் சரியாகிவிடும். 'ரீஸ்டார்ட் பண்ணா போயிடும் சார்' என்பதன் பொருள் பல சமயம் இதுதான்.

பணம் இரண்டு தடவை பிடிபடுவது வேறு ரகம், அங்கே லைனுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாம் பட்டனை அழுத்துகிறோம், பணம் அங்கே போய்ச் சேர்ந்து கணக்கில் ஏறிவிட்டது, 'வந்தது' என்ற பதில் திரும்பும் நேரத்தில் லைன் அறுந்தது. இந்தப் பக்கத்துப் புரோகிராமுக்குப் பதில் வரவில்லை என்று மட்டும்தான் தெரியும். புது இணைப்பில் மறுபடி அனுப்புகிறது. புது இணைப்பு என்பதால் வரிசை எண்ணும் புதிது, டி.சி.பி.யால் இதைத் தடுக்க முடியாது. லைன் அறுந்தது நிஜம். ஆனால் இரண்டாவதாக வந்தது அதே பழைய சீட்டுதான் என்று தெரிந்துகொள்ள முடியாமல் போனது எழுதியவரின் குறை. ஒவ்வொரு கட்டணத்துக்கும் அனுப்பும்போதே ஒரு தனி எண் கொடுத்து, மறுபடி அனுப்பினாலும் அதே எண்ணோடு அனுப்பினால், அந்தப் பக்கம் 'இது ஏற்கெனவே ஆச்சு' என்று சொல்லிவிடும். சர்வதேசத் தந்தி விதிகளில், போய்ச் சேர்ந்ததா என்று சந்தேகமாக இருக்கும் தந்தியை வேறு வழியில் மறுபடி அனுப்பும்போது 'ஆம்ப்ளியேஷன்' என்று தலையில் குறிக்க வேண்டும். அதைப் பார்த்தால் வாங்குகிற ஆபீஸ், முதலில் வந்ததைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பட்டுவாடா செய்யும். கம்ப்யூட்டர் என்ற சொல்லுக்கு மனிதக் கணக்காளர் என்று அர்த்தம் இருந்த காலத்திலேயே இந்த ஏற்பாடு இருந்தது.

ஆகவே நண்பர்களே, அடுத்த தடவை அந்தப் பதில் வந்தால், சண்டை போட வேண்டாம், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் பரிவர்த்தனைக்கு நம்பர் என்ன, அதே நம்பர் இரண்டு தடவை ஏறியிருக்கா, இல்லை இரண்டு நம்பரா?" அதை எழுத்தில் வாங்குங்கள். ரத்தப் பரிசோதனையில் நம் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத எண் வந்தால், மருந்துக்குப் போகுமுன் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், சாம்பிள் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் கேட்டால் எரிச்சல்படுவார்கள்தான். படட்டும்.

போன மாதம் என் மனைவி ஒரு சந்தாத் தொகையை ஆன்லைனில் கட்டி இரண்டு தடவை பிடிபட்டது. மேலே சொன்ன கேள்வியை அவளே ஃபோனில் கேட்டாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பதினோரு நாள் கழித்துப் பணம் திரும்பி வந்தது. அது மட்டும் இரண்டு தடவை வரவில்லை.